டிரைவ் போட்டா இரையுது, டிலே போட்டா குழம்புது: எலக்ட்ரிக் கிட்டார் எஃபெக்ட்ஸை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வியாசர்பாடி_6கம்பி

வணக்கம். அக்கூஸ்டிக்ல கார்ட்ஸ் ஓரளவு வரும், எலக்ட்ரிக்குக்குப் புதுசு. கையில இருக்கிறது: ஸ்ட்ராட் மாடல் கிட்டார், மூணும் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமா மாத்துற ஒத்தைச் சுருள்). 10 வாட் ஆம்ப். செகண்ட் ஹேண்ட்ல வந்த பாஸ் கம்பெனி டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல், எதிரொலி குடுக்கிற டிஜிட்டல் டிலே பெடல் ஒண்ணு. ரெண்டு பெடலுக்கும் ஒரே 9 வோல்ட் அடாப்டர்தான், வயரை ரெண்டாப் பிரிச்சுக் குடுத்திருக்கு.

டிஎஸ்-1 மிதிச்சவுடனே "ங்ங்ங்"னு ஒரு இரைச்சல், அதுக்கு மேல மெல்லிசா ஒரு விசில். கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுது, விசில் குறையல. டிலே போட்டா எல்லாம் கூழாயிடுது. ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் மூணும் ஒண்ணுதானா? கோரஸ், ஃபேசர், ஃபிளாஞ்சர் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது. கடையில கேட்டா அஞ்சு பெடல் எழுதிக் குடுக்கறாங்க. பத்தாயிரத்துக்குள்ள முடிக்கணும், தனித்தனி பெடலா, எல்லாம் ஒரே பெட்டியில வர்ற மல்டி எஃபெக்ட்ஸா?

வாசிக்கப் போறது ஞாயித்துக்கிழமை சர்ச் கொயர்ல. அப்புறம் ஏரியா பசங்களோட மேடையில, பாதி பாட்டு சிக்ஸ் எய்ட் (6/8) தாளம். இன்னொண்ணு, வீட்ல பழைய ரவுட்டர் அடாப்டர் ஒண்ணு கிடக்கு, அதுலயும் 9 வோல்ட்னு போட்டிருக்கு. டிலேக்குத் தனியா அதைக் குடுக்கலாமா?

மின்ட்_சால்டர்

ப்ரோ, மீதிய அப்புறம் சொல்றேன். அந்த ரவுட்டர் அடாப்டரை மட்டும் இப்போதைக்குச் சொருகிடாதீங்க.

பெரம்பூர்_லீட்

பேரை மனப்பாடம் பண்ண வேணாம். சிக்னலை அது என்ன பண்ணுதுன்னு பிடிச்சுட்டா பேர் தானா ஒட்டிக்கும்.

கிட்டார்ல இருந்து வர்றது ரொம்பச் சின்ன மின்சாரம். சிங்கிள் காயிலை நல்லா அடிச்சாலும் ஒரு வோல்ட்டுல பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்குதான். டிரைவ் பெடலுக்குள்ள ஒரு ஐசி அதைப் பல மடங்கு பெருக்கும். பெருகினது 0.6 வோல்ட்டைத் தாண்டும்போது, எதிரும் புதிருமா நிக்கிற ரெண்டு சிலிக்கான் டயோடு குறுக்க விழுந்து அதுக்கு மேல போக விடாது. அலையோட தலையைச் சீவின மாதிரி. தலை சீவின அலையில, முன்னாடி இல்லாத ஹார்மானிக்ஸ் (மேல்ஸ்தாயி துணை அலைங்க) எல்லாம் புதுசாப் பிறக்கும், அதைத்தான் நாம கரகரப்புன்னு கேக்கறோம். உச்சம் எல்லாம் ஒரே மட்டமாயிடறதால மெல்ல அடிச்சதும் ஓங்கி அடிச்சதும் கிட்டத்தட்ட ஒரே சத்தமா வரும், நோட்டும் இழுத்து நிக்கும்.

இப்ப மூணுக்கும் வித்தியாசம் சீவுற விதத்துலதான். ஓவர்டிரைவ்ல டயோடு அந்த ஐசியோட ஃபீட்பேக் பாதைக்குள்ளயே (வெளிய வந்ததைத் திரும்ப உள்ள அனுப்புற வழி) இருக்கும், அதனால தலை மொட்டையா வெட்டுப்படாம வளைஞ்சு மழுங்கும். ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமர் இந்த ஜாதி. உங்க டிஎஸ்-1ல (1978ல வந்தது, இன்னும் விக்குது) ஐசியைத் தாண்டி வந்த பிறகு டயோடு சிக்னலை நேரா கிரவுண்டுக்குத் தள்ளும். கத்தியால வெட்டின மாதிரி. ஃபஸ்ங்கறது இன்னும் மேல, அலை கிட்டத்தட்ட சதுரமாவே ஆயிடும். 1962ல வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்தான் கடையில கிடைச்ச முதல் ஃபஸ் பெடல்னு சொல்லுவாங்க. மூணுல புதுசா வர்றவங்களுக்கு அடக்க முடியாதது ஃபஸ்தான், இப்போதைக்கு விட்டுடுங்க.

டிஸ்டார்ஷன்ல ஃபுல் கார்ட் அடிச்சா நாறுதுன்னு அடுத்து கேப்பீங்க, அதனால இப்பவே. ரெண்டு நோட்டைச் சேர்த்துச் சீவினா, அந்த ரெண்டோட கூட்டல் கழித்தல் அலையும் புதுசா வரும். அஞ்சாவது கம்பி ஓப்பன் ஏ 110 ஹெர்ட்ஸ். நாலாவது கம்பி ரெண்டாவது ஃப்ரெட்ல வர்ற இ நோட் கிட்டத்தட்ட 165. கழிச்சா 55, அதுவும் ஏதான், ஒரு ஆக்டேவ் கீழ. பெடலே அடியில ஒரு பேஸ் போட்டுக் குடுத்த மாதிரி கெட்டியா நிக்கும். இப்படி ரெண்டே நோட் சேர்க்கிற பவர் கார்டோட ரகசியம் அவ்வளவுதான். இதே ஏயோட சி ஷார்ப் சேருங்க: 138.6ல இருந்து 110 போனா 28.6. சுத்தமான ஏவா இருந்தா 27.5 வரணும். எந்த ஸ்வரத்துலயும் உக்காராத ஒரு உறுமல் அடியில ஓடும். ஆறு கம்பியும் சேர்ந்தா இந்த மாதிரி எத்தனை உறுமல்னு நீங்களே எண்ணிக்குங்க. அதனால டிரைவ் ஏற ஏற கம்பியைக் குறைக்கணும்.

அடுத்த கூட்டம் கோரஸ், ஃபிளாஞ்சர், ஃபேசர். ஒரே மாதிரி கேக்குதுன்னா உங்க காதுல தப்பு இல்ல, மூணும் பங்காளிங்கதான். கோரஸ் உங்க சிக்னலை ஒரு நகல் எடுத்து, ஏறக்குறைய 20 மில்லி செகண்ட் தள்ளி, அந்தத் தள்ளலை மெல்ல ஆட்டி, ஒரிஜினலோட கலக்கும். ரெண்டு பேர் சேர்ந்து வாசிச்சா ஸ்ருதி மயிரிழை விலகுமே, அந்தக் குணம். பாஸ் கம்பெனியோட முதல் கோரஸ் பெடல் சிஇ-1, 1976. ஃபிளாஞ்சர்ல தள்ளல் 10 மில்லி செகண்டுக்குள்ள இருக்கும், வெளிய வந்ததைத் திரும்ப உள்ள ஊட்டுவாங்க, அதனால தலைக்கு மேல விமானம் போற மாதிரி சுழலும். ஃபேசர்ல நேரத் தள்ளலே கிடையாது, ஃபில்டர் வெச்சு ஃபேஸை மட்டும் திருப்பி, அலைவரிசையில ஒண்ணு ரெண்டு பள்ளம் தோண்டி, அந்தப் பள்ளத்தை மேலயும் கீழயும் நகத்தும். 1974ல வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90ல ஒரே ஒரு நாப், வேகம். காதைப் பழக்க அதை விட நல்ல பாடம் இல்ல. ட்ரெமலோ இந்தக் கூட்டத்துல எளிசு: வால்யூமை ஏத்தி இறக்கும், அவ்வளவுதான்.

டிலே எதிரொலி. ரிவெர்ப் பிரிச்சுக் கேக்க முடியாத அளவு நெருங்கி வர்ற ஆயிரம் எதிரொலி. வா (wah) பெடல் காலால திருப்புற ஃபில்டர். கம்ப்ரசர் ஓங்கினதை அமுக்கி, அடங்கினதைத் தூக்கும்.

வரிசை: கிட்டார், ட்யூனர், வா, கம்ப்ரசர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ் அல்லது ஃபேசர், டிலே, ரிவெர்ப், ஆம்ப். உங்ககிட்ட இருக்கிற ரெண்டை வெச்சே காரணம் புரிஞ்சுக்கலாம். டிலேயை முன்னாடி, டிஎஸ்-1ஐ பின்னாடி வெச்சு ஒரு நோட் அடிங்க. தேஞ்சு போக வேண்டிய எதிரொலியை டிஸ்டார்ஷன் தூக்கிப் பிடிச்சு முதல் நோட் அளவுக்குக் கொண்டு வந்துடும், அடுத்த நோட் அது மேலயே போய் மோதும். கூழ். மாத்தி வைங்க, ஒவ்வொரு எதிரொலியும் தனியா விலகி நிக்கும். உங்க வரிசை ஏற்கெனவே சரியா இருந்தும் குழம்புதுன்னா, ஆம்ப்ல கெய்ன் (கரகரப்பைக் கூட்டுற நாப்) ஏத்தியோ ஓவர்டிரைவ் பட்டனை அமுக்கியோ வெச்சிருப்பீங்க. அப்ப ஆம்பே கடைசி டிஸ்டார்ஷன் பெடல், டிலே அதுக்கு முன்னாடி போயிடுச்சு. சின்ன ஆம்ப்ல எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்போட டிஸ்டார்ஷனுக்குப் பின்னாடி பெடல் சொருகுற ஜாக்) பெரும்பாலும் இருக்காது, அதனால ஆம்பை க்ளீன்ல வெச்சு அழுக்கெல்லாம் பெடல்ல மட்டும் எடுங்க.

டிஎஸ்-1 செட்டிங்: நாபைக் கடிகார முள்ளா நினைச்சுக்குங்க. ஆம்ப்ல பேஸ், மிடில், ட்ரெபிள் எல்லாம் 12 மணி நிலை. கிட்டார் வால்யூம் ஃபுல். பெடல்ல டிஸ்ட் (கரகரப்பு அளவு) 9 மணி, டோன் 10 அல்லது 11 மணி. லெவலைச் சுழியத்துல இருந்து ஏத்திக்கிட்டே பெடலை ஆன், ஆஃப் பண்ணுங்க, ரெண்டுக்கும் சத்தம் சமமா வர்ற இடம்தான் உங்க ஆரம்பம். நிறைய பேர் லெவலை ஏத்தி வெச்சுட்டு, சத்தம் கூடினதை டோன் நல்லாருக்குன்னு நினைச்சுக்கறாங்க. சமமா வெச்ச பிறகுதான் பெடல் நிஜமா என்ன பண்ணுதுன்னு தெரியும். அப்புறம் கிட்டார் வால்யூமை 6க்கு இறக்குங்க, கரகரப்பு பாதியாகும். பாட்டுக்கு நடுவுல குனியாம மாத்தறது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. டிஎஸ்-1ல டோன் நடுவுல இருந்தா நடு அலைவரிசை குழிஞ்சு போகும். தனியா ரூம்ல அது பெருசா, அழகா கேக்கும். கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் சேர்ந்த உடனே கிட்டார் எங்கன்னு தேடணும், ஏன்னா கிட்டாரோட வீடே அந்த நடு அலைவரிசைதான். மேடையில ஆம்ப் மிடிலை 2 மணிக்கு ஏத்துங்க, டிஸ்ட்டைக் கொஞ்சம் குறைங்க. ட்யூப் ஸ்க்ரீமர் 700 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு தட்டி விடறதாலதான் பேண்டுல பிழைக்குது.

பட்ஜெட்டுக்கு என் ஓட்டு சின்ன மல்டி எஃபெக்ட்ஸ். ஜூம் ஜி1 ஃபோர் மாதிரி. ஒரே நேரத்துல அஞ்சு எஃபெக்ட், ஹெட்ஃபோன், ட்யூனர், ரிதம் எல்லாம் இருக்கு, நாலு டபுள் ஏ செல்லுலயும் ஓடும். கடைக்காரர் எழுதின அஞ்சு பெடல்ல உங்களுக்கு எது தேவைன்னு ஆறு மாசம் அதுல வாசிச்சுட்டு நீங்களே எழுதுங்க.

மின்ட்_சால்டர்

இப்ப இரைச்சல். உங்ககிட்ட ரெண்டு தனித்தனி நோய் இருக்கு, ஒரே மருந்து வேலைக்கு ஆகாது.

"ங்ங்ங்" முதல்ல. கம்பியைத் தொட்டா குறையுதுன்னா கிட்டாருக்குள்ள பிரிட்ஜ் (கம்பியைப் பிடிச்சிருக்கிற உலோகம்) கிரவுண்ட் வயர் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். நம்ம உடம்பே ஒரு ஆன்டெனா, தொட்டவுடனே அது கிரவுண்டாகுது. சிங்கிள் காயில்ல இது சகஜம். தொட்டா ஏறினாத்தான் கவலைப்படணும், அப்ப எங்கேயோ கிரவுண்ட் அறுந்திருக்கும். டிஎஸ்-1 சிக்னலோட சேர்த்து இரைச்சலையும் பெருக்குது, அதனாலதான் அது ஆன் ஆனவுடனே தெரியுது.

எங்கிருந்து வருதுன்னு பாருங்க. பெடல் ஆன்ல, கம்பியை விட்டுட்டு, உக்காந்த இடத்துலயே மெதுவா ஒரு சுத்து திரும்புங்க. ஏதோ ஒரு திசையில இரைச்சல் நல்லா அடங்கும். உச்சத்துக்குப் போற திசையில என்ன இருக்குன்னு பாருங்க: ஃபேன் ரெகுலேட்டர், ட்யூப்லைட் சோக், மலிவு எல்இடி பல்பு, ஃபிரிட்ஜ். நம்ம ஊர்ல ஃபேனை நிறுத்தச் சொன்னா அடிக்க வருவாங்க, தெரியும். ஒரு நிமிஷம் ஃபுல் ஸ்பீடுல வெச்சுப் பாருங்க, போதும். வழவழன்னு சுத்துற டைப் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் உள்ள ட்ரையாக் வெச்சு கரண்டை வெட்டி வெட்டி அனுப்பும். நடு ஸ்பீடுல "ஸ்ர்ர்"னு வர்ற சத்தம் அதோடது. 1, 2, 3ன்னு டக் டக்குனு விழுற கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் மாத்தினா போயிடும். பிக்கப் ஸ்விட்சை 2 அல்லது 4ல (ரெண்டு பிக்கப் சேர்ற இடம்) வெச்சும் பாருங்க. நடு பிக்கப் எதிர்ப்பக்கம் சுத்தினதா இருந்தா அங்க இரைச்சல் செத்துடும். எல்லா மலிவு கிட்டார்லயும் அப்படிச் சுத்தியிருக்க மாட்டாங்க.

விசில் வேற கதை. அது டிலேக்குள்ள ஓடற டிஜிட்டல் கடிகாரத்தோட சத்தம். ரெண்டு பெடலும் ஒரே அடாப்டர்ல, ஒரே நெகட்டிவ்ல தொங்குது. டிலே இழுக்கிற கரண்ட் துள்ளித் துள்ளிப் போகும், அந்தத் துள்ளல் பொது வயர் வழியா டிஎஸ்-1க்குள்ள புகுந்து அங்க பெருகுது. சோதிக்கிறது சுலபம்: டிஎஸ்-1ல இருந்து அடாப்டரைக் கழட்டிட்டு ஒரு 9 வோல்ட் பேட்டரி போடுங்க. விசில் போச்சுன்னா உறுதி. டிஎஸ்-1 சில மில்லி ஆம்பியர்தான் குடிக்கும், ஆல்கலைன் பேட்டரி பல வாரம் வரும். வாசிச்சு முடிச்சா இன்புட் ஜாக்கைக் கழட்டிடணும், அது உள்ள இருக்கிற வரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டேதான் இருக்கும், லைட் எரியலேன்னாலும். டிலேக்கு இந்த வழி ஒத்து வராது. டிஜிட்டல் பெடல் பொதுவா 50ல இருந்து 100 மில்லி ஆம்பியர், ஒரு ஞாயித்துக்கிழமையைக்கூடத் தாண்டாது. நிரந்தரத் தீர்வு ஒவ்வொரு பெடலுக்கும் கரண்டைத் தனித்தனியாப் பிரிச்சுக் குடுக்கிற ஐசொலேட்டட் பவர் சப்ளை, இல்லேன்னா ரெண்டு தனி அடாப்டர்.

ரவுட்டர் அடாப்டரை ஏன் தடுத்தேன்: வோல்ட் சரியா இருக்கலாம், திசை தப்பா இருக்கும். பெடலுக்கு நடுப் பின் நெகட்டிவ், வெளி வளையம் பாசிட்டிவ். ரவுட்டருக்குப் பெரும்பாலும் நேரெதிர். லேபிள்ல சின்ன வட்டப் படம் இருக்கும், நடுப் புள்ளியில இருந்து கோடு மைனஸுக்குப் போகணும். படத்தை நம்பாம மல்டிமீட்டரை டிசி 20ல வெச்சு சிவப்பு முள்ளை ஓட்டைக்குள்ள, கருப்பை வெளி உலோகத்துல. பெடலுக்கு ஏத்ததுன்னா மைனஸ் 9 காட்டணும். பிளஸ்னா ஒதுக்கிடுங்க. நல்ல பெடல்ல பாதுகாப்பு டயோடு மட்டும் கருகும், மலிவுல ஐசியும் சேர்ந்து போகும். பழைய குண்டு டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டரா இருந்தா "9"னு எழுதி 13 காட்டும், லோடு இல்லாதப்ப, அதுவும் வேணாம். மில்லி ஆம்பியர் மட்டும் அதிகமா இருந்தா பயமில்ல, பெடல் தனக்கு வேணும்கிறதைத்தான் எடுக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல கேக்கும்போது "9 வோல்ட், ரெகுலேட்டட், சென்டர் நெகட்டிவ், 2.1 எம்எம் பின்"னு நாலையும் சொல்லுங்க. "9 வோல்ட் அடாப்டர்"னு மட்டும் கேட்டா ரவுட்டருக்கானதைத்தான் நீட்டுவாங்க.

அடுத்தது கேபிள். வீட்லயே பண்ணினா பாதி விலை, ரெண்டு மடங்கு உழைக்கும். 6.35 எம்எம் மோனோ ஜாக், கடை பாஷையில பி-38. ஒயர் ஷீல்டு உள்ள கிட்டார் கேபிளா இருக்கணும், ஸ்பீக்கர் ஒயர் கூடாது, அது ஊர் இரைச்சலையெல்லாம் வாங்கிட்டு வரும். நடுக் கம்பி டிப்புக்கு (ஜாக்கோட நுனி), வலை ஸ்லீவுக்கு (ஜாக்கோட உடம்பு). இதுல புதுசா பண்றவங்க எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு: வலைக்கு அடியில, நடுக் கம்பியோட இன்சுலேஷனைச் சுத்தி, கருப்பா மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தோல். பாக்க இன்சுலேஷன் மாதிரியே இருக்கும், ஆனா கரண்ட் கடத்தும். கேபிள் ஆடும்போது வர்ற சடசடப்பை அமுக்கத்தான் அதை வெச்சிருக்காங்க. அதை உரிக்காம டிப் வரைக்கும் விட்டா சத்தம் மந்தமாகும், சில சமயம் வரவே வராது, மேல எந்தத் தப்பும் தெரியாது. பிளேடால 5 மில்லி மீட்டர் சுத்தி வெட்டி உரிச்சுடுங்க. சால்டர் ஆறும்போது ஒயரை ஆட்டாதீங்க, ஆட்டினா மினுமினுப்பு போய்ச் சாம்பலா உறையும், அது ட்ரை சால்டர், மேடையில கை விடும். முடிச்சதும் மீட்டர்ல டிப்புக்கு டிப் பீப், ஸ்லீவுக்கு ஸ்லீவ் பீப், டிப்புக்கும் ஸ்லீவுக்கும் பீப் வரக் கூடாது.

நீளம் 6 மீட்டருக்குள்ள. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோ ஃபாரட், நீளம் ஏற ஏற மேல்ஸ்தாயி மங்கும்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வாசிக்கிறவங்க கவனத்துக்கு: கரகரன்னு வந்தா உடனே பெடலைத் திட்டாதீங்க. உப்புக்காத்துல ஜாக்கும் பொட்டென்ஷியோமீட்டரும் பாசி பிடிச்ச மாதிரி ஆயிடும். ஜாக்கைப் பத்து தடவை உள்ள வெளிய சொருகி எடுத்தாலே பாதி சரியாகும். மீதிக்கு எலக்ட்ரானிக் கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே, ஒரு சொட்டு போதும், அடிச்சதும் நாபை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை திருப்பணும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் போட்டவங்க பெடலெல்லாம் தூசி ஒட்டி என் டேபிளுக்குத்தான் வருது.

ராயபுரம்_கொயர்

சர்ச்ல வாசிக்கறதுக்குத் தனியா ரெண்டு மூணு விஷயம் இருக்கு தம்பி.

பழைய சர்ச்னா உயரமான கூரை, வெறும் சுவர், கட்டடமே ரிவெர்ப் போட்டுத் தரும். உங்க ரிவெர்ப்பை மொத்தமா ஆஃப் பண்ணுங்க. டிலேயும் மிக்ஸ் (எதிரொலி எவ்வளவு கலக்கணும்கிற நாப்) 9 மணிக்கு மேல வேணாம். ஆள் இல்லாத ஹால்ல ரிகர்சல் பண்ணி அதே செட்டிங்கை விட்டுடாதீங்க. ஜனம் நிறைஞ்சா உடம்பும் துணியும் எதிரொலியைக் குடிச்சிடும், அப்ப கொஞ்சம் ஏத்திக்கலாம்.

ஆம்ப் எடுத்துட்டுப் போகாம நேரா மிக்ஸர்ல சொருகப் போறீங்கன்னா, டிஎஸ்-1 மட்டும் வெச்சு சொருகாதீங்க. தேனீக் கூட்டம் மாதிரி கேக்கும். கிட்டார் ஆம்போட ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல சரசரன்னு விழுந்துடும், டிஸ்டார்ஷனோட முள்ளையெல்லாம் அதுதான் மழிக்குது. சர்ச் ஸ்பீக்கர் மேல வரைக்கும் அப்படியே பாடும், முள்ளும் சேர்ந்து வரும். மல்டி எஃபெக்ட்ஸ்ல ஆம்ப் ஸ்பீக்கர் பெட்டி மாதிரி சத்தத்தை மாத்துற கேபினட் மாடல் இருக்குமே, மிக்ஸருக்குப் போகும்போது அது ஆன், வீட்ல ஆம்புக்குப் போகும்போது ஆஃப். தலைகீழா வெச்சுட்டு "மெஷின் சரியில்ல"ன்னு விக்கறவங்க நிறைய. வெறும் கிட்டாரை ஹோம் தியேட்டர் ஆக்ஸ்ல சொருகினா மந்தமா இருக்கறதும் இன்னொரு பொருத்தக் கோளாறுதான்: கிட்டாருக்கு 1 மெகா ஓம் இன்புட் வேணும், அங்க இருக்கறது சில பத்து கிலோ ஓம்.

இப்ப சிக்ஸ் எய்ட்டுக்கு டிலே. 60,000ஐ பிபிஎம்மால (நிமிஷத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தா ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி செகண்ட்னு வரும். 120க்கு 500. யூட்யூப்ல எல்லாரும் சொல்ற டாட்டட் எய்ட்த், அதுல முக்கால், 375. நாலு தட்டு பாட்டுக்கு அது துள்ளும். சிக்ஸ் எய்ட்ல ஒரு தட்டுக்குள்ள மூணு எண்ணிக்கை ஓடுது, அங்க 375 எந்த எண்ணிக்கையிலயும் விழாது, தப்பட்டையோட சண்டை போடும். 500ஐ மூணாப் பங்கு போடுங்க: 167 அல்லது 333. 333 வெச்சு, ஃபீட்பேக் நாபை (எத்தனை தடவை எதிரொலிக்கணும்கிறது) ரெண்டு எதிரொலிக்கு மேல போகாம வெச்சு, ஒரு தட்டுக்கு ஒரே நோட் அடிங்க. எதிரொலி மூணாவது எண்ணிக்கையில போய் உக்காரும், நீங்க அடிக்காத இடத்துல தாளம் நிக்கும். காலால தட்டி வேகம் குடுக்கிற டாப் டெம்போ (tap tempo) பட்டன் இருந்தா அதுல உட்பிரிவை ட்ரிப்லெட்டுக்கு (ஒரு தட்டை மூணாப் பிரிக்கிறது) மாத்துங்க, இல்லேன்னா கால் அடிச்சது சரியா இருந்தும் எதிரொலி தப்பா வரும்.

மைக்கும் கிட்டாரும் சேர்ந்து வாசிக்கறவங்களுக்கு: ஆம்பும் மிக்ஸரும் ஒரே போர்டுல இருந்து கரண்ட் எடுக்கணும். வேற வேற பாயின்ட்ல இருந்து எடுத்து, ஒண்ணுல எர்த் சரியில்லேன்னா உதடு மைக்ல பட்டவுடனே ஷாக் அடிக்கும். மின்ட் அண்ணா இதைப் பத்தி இன்னும் சொல்லணும்.

கொருக்குப்பேட்டை_க்ளீன்டோன்

பெரம்பூர் அண்ணாத்த சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். மல்டி எஃபெக்ட்ஸ் குடுத்தா ஆறு மாசமும் பேட்ச் (சேமிச்சு வெச்ச எஃபெக்ட் செட்டிங்) மாத்திக்கிட்டே போயிடும், ஒண்ணையும் உருப்படியாக் கேக்க மாட்டாங்க. மூணு நாப் இருக்கிற பெடல் கத்துக் குடுக்கிறதை மெனு கத்துக் குடுக்காது. இருக்கிற டிஎஸ்-1ஐயும் டிலேயையும் ஒழுங்காக் கேக்கட்டும், ஒரு நல்ல அடாப்டர் வாங்கட்டும், மீதிக் காசை முடிச்சு போட்டு வைக்கட்டும்.

பெரம்பூர்_லீட்

ஒத்துக்கறேன், ஒரு நிபந்தனையோட. மல்டி வாங்கினா ஃபேக்டரி பேட்ச் எல்லாத்தையும் தாண்டி, காலியா ஒரு பேட்ச் திறந்து அதுல ஒரே ஒரு எஃபெக்ட் போடுங்க. வாரம் ஒண்ணு. ஒவ்வொரு நாபையும் ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் திருப்பி, அதே நாலு பார் ரிஃபை வாசிங்க. ஃபேக்டரி பேட்ச் கடையில நின்னு கேக்க அடுக்கினது, எல்லாத்துலயும் ரிவெர்ப் ஊத்தியிருக்கும். அடுக்குமாடியில நைட்டு 10 மணிக்கு மேல ஹெட்ஃபோன் இல்லாம வாசிக்க முடியாதுங்கிறதையும் கணக்குல வெச்சுத்தான் சொன்னேன்.

வியாசர்பாடி_6கம்பி

எல்லாருக்கும் நன்றி. செஞ்சு பார்த்தது: டிஎஸ்-1ல பேட்டரி போட்டவுடனே விசில் சுத்தமாப் போச்சு. ரவுட்டர் அடாப்டர் பிளஸ் 9.3 காட்டுச்சு, ஒதுக்கியாச்சு. ஆம்ப்ல ஓவர்டிரைவ் பட்டன் அமுங்கித்தான் இருந்தது, எடுத்தவுடனே டிலே தெளிஞ்சது. திரும்பிப் பார்த்தா ஃபேன் ரெகுலேட்டர் பக்கம்தான் இரைச்சல் உச்சம். ஆனா தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணனை வெச்சு பிளக் பாயின்ட்டை அளந்தோம். பேஸுக்கும் (phase, கரண்ட் வர்ற லைன்) நியூட்ரலுக்கும் 232. பேஸுக்கும் எர்த்துக்கும் 70, 90ன்னு ஆடுது, நிக்க மாட்டேங்குது. இது எதுனா பிரச்சினையா?

மின்ட்_சால்டர்

ஆமா, பெரிய பிரச்சினை, பெடலை விடப் பெருசு. பேஸுக்கும் எர்த்துக்கும் 230 கிட்ட அசையாம நிக்கணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒண்ணு ரெண்டு வோல்ட்டுக்கு மேல இருக்கக் கூடாது. ஆடுதுன்னா மேல் பெரிய ஓட்டைக்குப் பின்னாடி எர்த் வயரே போய்ச் சேரலை, மீட்டர் காத்துல இருக்கிறதை அளக்குது. உங்க "ங்ங்ங்"ல ஒரு பங்கு இதனாலயும்தான், ஷீல்டு பண்ண வேண்டிய கிரவுண்ட் எங்கயும் இறங்கலை. அதை விட, ஆம்புக்குள்ள பேஸ் ஒயர் சேஸிஸை (ஆம்போட உலோகச் சட்டம்) தொட்டா அந்தக் கரண்ட் கேபிள் வலை வழியா பிரிட்ஜுக்கு, பிரிட்ஜ்ல இருந்து கம்பிக்கு, கம்பியில இருந்து உங்க கைக்கு.

அண்ணனை முதல்ல அந்த பாயின்ட்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, பச்சை வயர் ஸ்க்ரூல இருந்து நழுவியிருக்கலாம், பழைய வீட்ல அது அடிக்கடி நடக்கும். அங்க சரியா இருந்தா மெயின் போர்டுல எர்த் பார், அதுவும் சரின்னா கீழ எர்த் குழி. நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்லயே சின்ன வயர் போட்டு இணைச்சு "சரியாயிடுச்சு"ன்னு சொல்லுவாங்க சிலர், மீட்டரும் 230 காட்டும், அதுக்கு ஒத்துக்காதீங்க. எங்கயாவது நியூட்ரல் அறுந்தா கிட்டார் கம்பி முழுக்க 230 நிக்கும். ஆம்ப் பிளக்கோட மூணாவது பின்னை உடைக்கிறதும் இதே கணக்குதான்.

அது முடியற வரைக்கும் மல்டி எஃபெக்ட்ஸோ ஹெட்ஃபோன் ஆம்போ செல்லுல போட்டு வாசிங்க. முடிஞ்ச பிறகு அதே ரெண்டு அளவையும் திரும்ப எடுத்து இங்க போடுங்க, பார்க்கிறேன்.